மூலைக் கல்லில் மட்டும் பாசி

என்னங்க, சூப் அடுப்பு மேல இருக்கு, சுடவெச்சுக் குடிங்க. மீனுக்குத் தீனி போட்டாச்சு. கெஞ்சினாலும் மறுபடி போடாதீங்க.

நேத்து உங்க பவளப்பாறை மீன் தொட்டியைப் பார்த்து, "இதென்ன பாசி பிடிச்ச குட்டையா?"ன்னு வாய்க்கு வந்தபடி கத்திட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. தினமும் அந்தக் கல்லையெல்லாம் தேய்க்கிற மனுஷன், நான் காய்ச்சல்ல கிடந்தப்ப என் கட்டிலை விட்டு நகரவே இல்லையே! ரொம்ப நன்றிங்க.

காலையில நானே பிரஷ்ஷால தேய்ச்சு, குழாய் வெச்சுப் பாசியை உறிஞ்சி எடுத்துட்டேன்.

பி.கு.: பாதியிலதான் பார்த்தேன், அது நீங்க பல் தேய்க்கிற பிரஷ். புதுசு வாங்கிட்டு வரேன்.

இன்னொண்ணு: மூலைக் கல்லை மட்டும் தேய்க்காம விட்டிருக்கேன். பரவிடும்னு சொல்வீங்க, தெரியும். ஒரு வாரம் இருக்கட்டும். யாராவது கேட்டா, என்னைப் பார்த்துக்கிட்டதுல வளர்ந்த பாசின்னு பெருமையா காட்டணும்.