ஐந்தாவது கதியால்

20.10.1997

மீனவர் சங்கக் கூட்டம். போன ஆனியில் கடலுக்குப் போய்த் திரும்பாத படகுக்காரர் ஐந்து பேருக்கும் நினைவிடம் வேண்டும் என்று முடிவானது. தலைவர் பாக்கியரத்தினம் தூண் கட்டிப் பெயர் பொறிக்கலாம் என்றார். சீமெந்துக்கு ஆமி முகாமில் அனுமதி தரமாட்டார்கள். நான் எழும்பினேன். ஒவ்வொரு வீட்டு வேலியிலிருந்தும் ஒரு பூவரசங் கதியால் வெட்டி வந்து நடுவோம், தடி வேர்விட்டு மரமாகும், பெயர் தேவையில்லை, அவரவர் வீட்டு மரம் அவரவருக்குத் தெரியும் என்றேன். கை தட்டினார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் ஒரே பின்னேரத்தில் இஞ்சினியர்!

ஐவரில் ஒருவன் என் மகன் கதிரவேல்.

22.10

மனைவி இராசமலர் எங்கள் வேலியில் கத்தி வைக்க விடவில்லை. "செத்தவனுக்குத்தான் மரம். என்ர பிள்ளை செத்ததை நீங்கள் கண்டனீங்களோ?"

காணவில்லை.

இன்றைக்கும் பொழுதுபட, கிணற்றடியில் வாளி நிறையத் தண்ணீர் வைத்தாள். கடலால் வந்ததும் அவன் உப்புப் போகக் கால் கழுவுகிற வாளி. அதில் வேறு ஆரும் கை வைக்க ஏலாது. நானும்தான்.

01.11

நல்ல மழை. மற்ற நாலு வீட்டுக் கதியாலையும் கரையில் நட்டோம். கயிறு பிடித்து, நூல் போல நேராக. தள்ளி நின்று பார்த்தால் — வேலி. என் கைக்குத் தெரிந்தது அதுதானே. மீன் வாங்க வந்த ஸெய்னுதீன் சைக்கிளை நிறுத்தினார். "சிவகுரு அண்ணன், ஆரின்ர கடலுக்கு வேலி அடைக்கிறீங்க?"

பின்னேரம் முகாமிலிருந்து ஆள் வந்தது. காவலரணுக்குக் கடல் மறைக்குமாம். எல்லாவற்றையும் பிடுங்கினேன்.

03.11

இஞ்சினியர் தோற்கவில்லை. மணல் திட்டிக்குப் பின்னால், முகாமுக்கு மறைக்காத இடத்தில், வட்டமாக நட்டோம். நடுவில் ஆட்கள் இருந்து கிழிந்த வலை பொத்த இடம். ஆள் வந்து இருக்காத நினைவிடம் எதற்கு? முகாம்காரரும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஐந்தாவது குழியைத் தோண்டி வெறுமனே விட்டேன். வேறு வீட்டுக் கதியால் ஒன்றை வைத்து வட்டத்தை முடிப்போமே என்றார் பாக்கியரத்தினம். வெறுங்குழியும் என் பிளானில் இருக்கிறது என்றேன். நம்பினாரோ தெரியாது.

14.12

நாலும் துளிர்விட்டன. நடுவில் இரண்டு பேர் வலை பொத்துகிறார்கள், ஊர்க்கதையும் நடக்கிறது. இராசமலர் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

09.02.1998

மழை விட்டுக் கனநாள். விடிய அங்கே போனால், ஐந்தாவது குழியில் கதியால்! சரிவாக வெட்டி, தலையில் சாணி அப்பி, அச்சொட்டாக நட்டிருந்தது. எங்கள் வேலி மரம், பட்டையைப் பார்த்தாலே தெரியும்.

கிணற்றடி வாளியோடு இராசமலர் வந்தாள். மழை விட்ட பிறகு நடுகிற கதியாலுக்கு நாள் தவறாமல் தண்ணி ஊற்ற வேணும், இல்லாட்டில் காய்ந்துபோகும் என்றேன். இஞ்சினியர் சும்மா இருப்பாரா?

"பின்னேரம் அவனுக்கு வாளி வைப்பன். எப்பவும் போலத்தான்," என்றாள். "அவன் வராட்டில் விடிய இது குடிக்கட்டும்."

ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினாள்.

10.02

இன்றைக்கு வாளியை நான் தூக்கினேன். தூக்க விட்டாள்.