வாத்துக்குஞ்சு தின்ற சோறு

அன்பு மகளுக்கு,

அன்று தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்றவர்கள் நான், உன் அப்பா, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் டொனால்ட் கிராணி, இரண்டு சோல்ஜர்கள்.

வாத்துக்குஞ்சின் இறகுகள் வெளிப்பக்கம் முறுக்கி வளர்ந்ததால் துணியால் கட்டியிருந்தேன். சோல்ஜர் அதைத் தூக்கிப் பார்த்தான்.

"சோறு அதிகமாத் தின்னா இப்படித்தான் வளரும்லா" என்று சிரித்தார் கிராணி.

அளந்து கொடுக்கும் சோற்றில் மிச்சம் ஏது, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் போகிறதா என்று சோல்ஜர்கள் கேட்டார்கள்.

அது நான் பட்டினி கிடந்து குஞ்சுக்குப் போட்ட என் பங்கு. கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்த கிராணிக்கும் அது தெரியும்.

"ஐயா, நீங்க சொல்லுங்க" என்று கிராணியைக் கேட்டேன்.

"எனக்கு என்னம்மா தெரியும்?"

உன் அப்பாவை லோரியில் ஏற்றினார்கள். இன்னும் வரவில்லை. நேற்றும் அந்த லோரி லயத்தைச் சுற்றிப் போனது.

பேரனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக வேறு யாரையாவது நிறுத்து. நான் மன்னிக்கவே மாட்டாத ஆள் டொனால்ட்.

உன் அம்மா