செல்லியின் மாரில் இருந்த கட்டி

அனுப்புநர்:
மல்லையன் மகன் தீர்த்தன்,
குடியானவன், சித்தேரி மலை,
சேலம் ஜில்லா.

பெறுநர்:
கனம் கலெக்டர் துரையவர்கள் சமூகம்,
சேலம்.

பொருள்: ஆபரேஷனில் குணமான என் மனைவியைப் பேய் பிடித்தவள் என்று ஊரார் ஒதுக்கி வைத்திருப்பது குறித்து.

கனம் பொருந்திய ஐயா,

1. என் முதல் தாரம் கருப்பி பிரசவத்தில் பிள்ளையோடு இறந்துபோனாள். சில வருஷம் கழித்துச் செல்லியை மணந்தேன். சென்ற ஆண்டு செல்லிக்கு ஓயாத இருமலும் மாரில் பாரமும் கண்டன. பாப்பிரெட்டிப்பட்டி டாக்டர் க்ஷயம் என்று மருந்து கொடுத்தார். இருமல் கேட்கவில்லை.

2. சாமை அறுப்பின்போது, அவள் இருமித் துப்பிய சளியில் மயிர் வந்தது. களத்தில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். அது கருப்பியின் மயிர் என்று பூசாரி சொல்லி, செல்லியைப் புளியம் விளாரால் அடித்துப் பேயோட்டினார். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். அன்றே தூளி கட்டி மலையிறக்கினேன். மயிரைக் கண்ட டாக்டர், இது க்ஷயமல்ல என்று சென்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

3. அங்கே எக்ஸ்ரே படத்தில் இருதயத்தை ஒட்டி ஒரு கட்டி தெரிந்தது. சர்ஜன் துரை மாரைத் திறந்து அதை எடுத்தார். விளாங்காய்ப் பருமன். அறுத்துக் காட்டியபோது உள்ளே மயிர்ச் சுருளும் இரண்டு பற்களும் இருந்ததை என் கண்ணால் கண்டேன். சர்ஜன் துரை, "இது புற்றுமல்ல, பேயுமல்ல. இவள் தாய் வயிற்றில் உருவானபோது தோலும் பல்லும் ஆக வேண்டிய சதை வழிதவறி மாரில் தங்கிவிட்டது. அபூர்வமானது. அது மூச்சுக்குழாயைத் துளைத்ததால்தான் இருமலில் மயிர் வந்தது. முழுதும் எடுத்தாயிற்று" என்றார். இருமல் அதோடு நின்றது.

4. ஊர் திரும்பினோம். பல்லும் மயிருமாய் வெளியே வந்தது கருப்பி அல்லாமல் வேறு யார் என்கிறார்கள். செல்லி ஊற்றுக்குப் போனால், "கருப்பி வர்றா, கொடத்தத் தூக்குங்கடி" என்று பெண்கள் விலகுகிறார்கள். பூசாரி மறுபடி விளார் ஒடிக்கச் சொல்லியிருக்கிறார். தையல் போட்ட மார் இன்னோர் அடி தாங்காது.

5. செல்லி பேச்சைக் குறைத்துவிட்டாள். தழும்பின்மேல் கை வைத்தபடியே இருக்கிறாள். போன சந்தையன்று யாரோ கருப்பி என்று கூப்பிட, திரும்பிப் பார்த்தாள். "நெசமாலுமே நான் செல்லிதானுங்களா?" என்று என்னைக் கேட்கிறாள். ஆமாம் என்கிறேன். துரையவர்களிடம் மறைக்கவில்லை, அப்படிச் சொல்லும்போது அந்தப் பற்கள் என் கண்முன் நிற்கின்றன.

6. ஆகையால் பூசாரியைத் தடுத்து, ஊற்றில் அவள் தண்ணீர் எடுக்க உத்தரவிட வேண்டும். சர்ஜன் துரையின் எழுத்தை வரவழைத்து, தாசில்தார் ஐயா மூலம் ஊர் கூட்டி வாசிக்கச் செய்ய வேண்டும். அப்போது செல்லியை முன்வரிசையில் உட்கார வைக்கப் பிரார்த்திக்கிறேன். ஊர் நம்பாவிட்டாலும் அவள் நம்ப வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டி,
11-7-1946.

துரையவர்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும் குடியானவன்,
தீர்த்தன்
(இடது பெருவிரல் ரேகை)

சொல்லக் கேட்டு எழுதி, வாசித்துக் காட்டியது: கிருஷ்ணப்பன்