இருபத்தேழாம் கட்டம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீயும் அத்தானும் நீ பகலில் பார்த்துக்கொள்ளும் குட்டிப் பட்டாளமும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் சண்டை வருகிறது, இனி எழுதியே பேசுவோம் என்று அம்மா இறந்த வருடம் நாம் செய்துகொண்ட ஏற்பாடு ஆறு வருடமாக ஒழுங்காக நடக்கிறது. அதனால் இதையும் எழுதியே சொல்கிறேன்.

உன் வீட்டுப் பின்சுவரை ஒட்டிய பழைய பேட்டரித் தொழிற்சாலை நிலத்தைச் சுத்தம் செய்யும் திட்டம் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. தயாரிக்கப் போவது நான். கம்பெனியைக் கலைத்துவிட்டுப் போனவர்கள் யாரும் இன்று கையில் சிக்கமாட்டார்கள். பொறுப்பாளி இல்லாத நிலங்களுக்கென்று அரசில் ஒரு நிதி இருக்கிறது. ஜூன் முப்பதுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும்.

நிலத்தையும் அதை ஒட்டிய வீடுகளையும் இருபது மீட்டர்க் கட்டங்களாகப் பிரிக்கிறோம், ஏறக்குறைய ஒரு வீட்டுக்கு ஒரு கட்டம். ஒவ்வொன்றிலும் மண் எடுத்து ஈயம் எவ்வளவு என்று பார்ப்போம். கிலோ மண்ணுக்கு நானூறு மில்லிகிராமைத் தாண்டினால் அறுபது சென்டிமீட்டர் ஆழம் தோண்டி, மண்ணை எடுத்துப்போய்ப் புது மண் போடுவார்கள். எல்லாக் கட்டத்துக்கும் பணம் போதாது. அதனால்தான் கோடு எங்கே போகிறது என்பது முக்கியம்.

ஒரு வேண்டுகோள். இதை நான் செய்கிறேன் என்று தெருவில் யாரிடமும் சொல்லாதே. திட்டப் பகுதியில் உறவினர் உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதிவிட்டேன். உண்டு என்றால் கோப்பு பக்கத்து மேஜைக்காரருக்குப் போகும். ஒரு வாக்கியம் எழுத ஒரு டீ குடிக்கிறவர் அவர். உங்கள் தெரு ஜூனைப் பார்க்காது.

கொல்லையில் பிள்ளைகள் மண் அளையாமல் பார்த்துக்கொள். கீரைப் பாத்தியை இப்போதைக்கு விட்டுவிடு.

அன்புடன்,
உன் தங்கை


பிப்ரவரி 12

அன்புள்ள ஸ்கேலுக்கு,

உன் கடிதத்தில் அந்த வேண்டுகோள் வரைக்கும் படிப்பதற்குள் நான் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. அவளிடம் சொன்னால் தெருவில் தனித்தனியாகப் போய்ச் சொல்லும் வேலை மிச்சம். ஆனால் உங்கள் அலுவலகம் வரைக்கும் அவள் வாய் நீளாது, பயப்படாதே.

உறவினர் இல்லை என்று எழுதினாயாமே. அத்தானிடம் படித்துக் காட்டினேன். "அப்போ நான் யாரு, பேயிங் கெஸ்டா?" என்று கேட்டார். தொழிற்சாலையில் இருபது வருடம் பேட்டரித் தட்டு வார்த்த மனிதருக்கு ஈயத்தைவிட இதுதான் உறுத்துகிறது.

மண் எடுக்கிறவர் நேற்று வந்தார். ஊஞ்சலுக்கு அடியில், குழாயடியில், பின்சுவரோரம், மூன்று இடத்தில் எடுத்து ஒன்றாகக் கலந்து ஒரு பையில் போட்டு 27 என்று எழுதினார். என்ன நம்பர் என்று கேட்டேன். "ஸ்கூல்ல ரோல் நம்பர் மாதிரிம்மா, பாஸா ஃபெயிலான்னு அப்புறம் சொல்வாங்க" என்றார்.

பட்டாளம் இப்போது ஏழு பேர். புதிதாக ஒருவன் வந்திருக்கிறான், ஒன்றேகால் வயது. உருளை என்று கூப்பிடுகிறேன். அவன் அம்மா நர்ஸ், காலை ஆறு மணிக்கே கொண்டுவந்து விட்டுப் போகிறாள். கைக்கு எட்டுவதெல்லாம் அவனுக்கு வாய்க்குத்தான். மண் அளையாமல் பார்த்துக்கொள் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய்.

பிறந்தநாள் கேக்கை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டியவள் கையில் எங்கள் தெரு மாட்டியிருக்கிறது. அளந்து முடித்ததும் சின்னத் துண்டை நீ எடுத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்ப்பாய். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை, கோபிக்காதே. வரைபடம் மேஜை முழுவதையும் பிடித்துக்கொண்டதில் மதியச் சாப்பாடு மடியில்தான். ஒரு மூலையில் ஸ்டேப்லர், ஒரு மூலையில் டீக் கோப்பை, மற்ற இரண்டு மூலைகளிலும் என் முழங்கைகள்.

மொத்தம் அறுபத்து மூன்று கட்டங்கள். நானூறுக்குச் சற்றுக் கீழே நின்றவற்றில் மறுபடி மண் எடுத்துப் பார்க்கலாம் என்று விதி. எட்டில் எடுத்தோம், ஆறு தாண்டின. கடைசியில் தோண்ட வேண்டியவை இருபத்து நான்கு. வாங்கக்கூடிய பணம் அதற்குச் சரியாக இருக்கும். மே முதல் வாரம் வரைபடத்தைத் தெருமுனையில் ஒட்டுவார்கள். ஆட்சேபணை இருந்தால் மக்கள் எழுதலாம். அதன் பிறகு நிதிக் குழுவுக்குப் போகும்.

உன் கட்டம் நானூறுக்குள் இருக்கிறது. பட்டியலில் இல்லை. கவலை வேண்டாம்.

அத்தானுக்கு இருமல் குறைந்ததா? உருளைக்குப் பேச்சு வந்ததா?

அன்புடன்,
உன் தங்கை


மே 7

அன்புள்ள ஸ்கேலுக்கு,

வரைபடம் ஒட்டிவிட்டார்கள். மின்பெட்டிக் கதவில், எல்லோர் கண்ணும் படும் உயரத்தில். சிவப்புக் கோடு பின்சுவரோடு வருகிறது. தையல்காரம்மா வீட்டை எடுத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் அடுத்த வீட்டை எடுத்துக்கொள்கிறது. பல் விழுந்த வாய் மாதிரி நடுவில் நாங்கள்.

நீ பாஸ் போட்டுவிட்டாய் என்று தெருவே பேசுகிறது. வீட்டு விலை விழாமல் இருக்கத் தங்கையை வைத்துச் சுத்தம் என்று எழுதி வாங்கிவிட்டேனாம். தையல்காரம்மா நேருக்கு நேராகவே கேட்டாள்: "மண்ணுக்குக்கூட ஆள் பார்த்து நடந்துக்கத் தெரியுமாக்கா?" பதிலுக்கு நானும் ஏதோ சொன்னேன். இப்போது பேச்சில்லை.

அது போகட்டும். சாயங்காலம் உருளையை எடுக்க வந்தபோது நர்ஸம்மா வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "ரெண்டு பக்கமும் தோண்டுறாங்க. நடுவுல இவன் விளையாடுற இடம் மட்டும் எப்படிம்மா நல்லா இருக்கும்?" என்று கேட்டாள். இதற்குப் பதில் உனக்குத் தெரியும்.

எங்கள் மண்ணில் ஈயம் எவ்வளவு? தையல்காரம்மா வீட்டுக்கு மண் எடுக்க இரண்டு முறை வந்தார்கள், நான் பார்த்தேன். இங்கே ஒரு முறைதான் வந்தார்கள். ஏன்?

அக்கா


மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். உன் கட்டத்தில் ஈயம் 388.

நானூறுக்குச் சற்றுக் கீழே நின்றவை எட்டு இல்லை, ஒன்பது. உன்னுடையதில் மட்டும் மறுபடி எடுக்கச் சொல்லவில்லை. எடுக்கலாம் என்றுதான் விதி, எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. படிவத்தில் உறவினர் இல்லை என்று எழுதியவள் நான். பிறகு என் அக்கா வீட்டு மண்ணை மறுபடி எடுக்கச் சொல்லி, அதைப் பட்டியலில் சேர்த்து, நாளைக்கு அது வெளியே தெரிந்தால் கோடு மொத்தமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நிதி நின்றுபோனால் உங்கள் தெரு முழுவதும் அப்படியே கிடக்கும். உனக்காக எதுவும் செய்யவில்லை என்று யார் கேட்டாலும் சொல்ல முடியவேண்டும் என்று நினைத்தேன். அப்போது அது சரியாகத்தான் பட்டது.

இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். தெருவில் வேலை முடிந்ததும் என் செலவில் நாலு ஆட்களை அனுப்புகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், உன் கொல்லையையும் தோண்டிப் புது மண் போட்டுவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அன்புடன்,
உன் தங்கை


மே 20

ஸ்கேலுக்கு,

நர்ஸம்மா உருளையின் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறாள். இருக்க வேண்டியதைவிட ஈயம் கொஞ்சம் கூடுதல். பயப்படும் அளவு இல்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள் என்றாராம் டாக்டர். திங்கட்கிழமையிலிருந்து அவன் வரவில்லை. அவனுடைய ஒரு செருப்பு இங்கேயே கிடக்கிறது.

உன் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வேண்டாம். தோண்டிய மண் எங்கே போகும்? யார் லாரியில்? தூசு கிளம்பாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும், தார்ப்பாய் போட்டு மூட வேண்டும் என்று அந்த வரைபடத்துக்குக் கீழே எழுதியிருப்பது நீதானே? மற்ற ஆறு பேரின் அம்மாக்களுக்கு நான் எந்தக் காகிதத்தைக் காட்டுவது? என் தங்கை சொன்னாள் என்றா?

கேக் வெட்டும்போது நீ சின்னத் துண்டை எடுத்துக்கொள்வாய். அது உன் துண்டு, உன் இஷ்டம். இந்தத் தடவை நீ விட்டுக்கொடுத்தது என் துண்டை. அதையும் என்னைக் கேட்காமல். அதில் அந்தப் பிள்ளைகளின் பங்கும் இருந்தது.

இதே வீட்டில் முன்பின் தெரியாத யாராவது குடியிருந்தால் நீ மறுபடி மண் எடுத்திருப்பாய். நான் உனக்கு அக்காவாகப் போனதுதான் இந்த வீட்டின் குறை.

பதில் எழுதாதே. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு எழுது.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்த மறுநாளே மேலதிகாரியிடம் போனேன். படிவத்தில் பொய் எழுதியதையும், ஒன்பதில் ஒன்றை விட்டதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்களா வந்து சொல்லலேன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார். "எங்க அக்காவுக்குத் தெரியும் சார்" என்றேன். இதை அவர் எந்த விதியின் கீழ் எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

கோப்பு பக்கத்து மேஜைக்காரருக்குப் போனது. அவரைப் பற்றி நான் உனக்கு எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அன்றே கிளம்பி உன் வீட்டுக்கு வந்தார் அல்லவா? ஐந்து இடத்தில் தனித்தனியாக எடுத்திருக்கிறார். சராசரி 540. ஊஞ்சலுக்கு அடியில்தான் மிக அதிகம்.

உன்னைச் சேர்க்க வேறொன்றைக் குறைக்க வேண்டியிருந்தது. பழைய பம்ப் அறை இருந்த கட்டத்தைத் தோண்டாமல் மேலே சிமெண்ட் போட்டு மூடிவிடுவார்கள். அங்கே யாரும் குடியில்லை. கோடு போட்டபோது நான் மூன்று வாரம் யோசித்தும் எனக்குத் தோன்றாதது இது. விண்ணப்பம் இருபத்திரண்டாம் தேதி போய்விட்டது, எட்டு நாள் மிச்சம் வைத்து.

என்மீது விசாரணை இருக்கிறது. அதுவரை பழைய ஆவணங்கள் வைக்கும் அறையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர். வேலை குறைவு, யோசிக்க நேரம் அதிகம்.

388 என்ற எண்ணை முதலில் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, அக்கா. உன் மண் நல்ல மண் என்ற நிம்மதி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை. உன் விஷயத்தில் நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதற்குத்தான் நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

உருளையின் அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

உன் தங்கை


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நிதி கிடைத்துவிட்டது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு நேரடியாகத் தகவல் வராது. எனக்கு இரண்டு வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள், அதோடு விட்டுவிட்டார்கள். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உருளைக்கு இரண்டாம் பரிசோதனை இந்நேரம் முடிந்திருக்கும். அதை மட்டுமாவது எழுது.

உன் தங்கை


டிசம்பர் 2

அன்புள்ள ஸ்கேலுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கோபம்தான் முதலில் வந்தது. எடுத்து வைத்துவிட்டேன்.

வேலை முடிந்தது. இங்கே பதினொரு நாள். வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து, ஊஞ்சலைக் கழற்றிக் கழுவி வைத்துவிட்டுத் தோண்டினார்கள். ஒருவர் நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். லாரிகளுக்குத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள், நீ எழுதியிருந்தபடியே. அத்தான் மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். தான் இருபது வருடம் சட்டையில் கொண்டுவந்த ஈயத் தூசும் அதில் போகிறது என்று அவருக்கு நினைப்பு. புது மண் வெளுப்பாக இருக்கிறது. வாசனையே இல்லை.

உங்கள் பக்கத்து மேஜைக்காரர் இரண்டு முறை வந்தார். டீ குடிக்கிறார்தான், கணக்கே இல்லை. உன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "இவ்வளவு சுத்தமா கோடு போட்டவங்களை நான் பார்த்ததில்லம்மா. ஒரே ஒரு இடத்துலதான் கை நடுங்கியிருக்கு." நான் இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன்.

பிள்ளைகளை மூன்று வாரம் பள்ளிக்கூட ஹாலில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஐந்து பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். தையல்காரம்மா ஊஞ்சலுக்குப் புது உறை தைத்து, பேசாமல் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனாள். நானும் பேசாமல் எடுத்துக்கொண்டேன்.

உருளை வரவில்லை. நர்ஸம்மாவைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "ரெண்டாவது தடவை பார்த்தோம், குறைஞ்சிருக்கு" என்றாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள். அவள் உட்காரும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, இனி அவன் காலுக்குச் சேராது.

உன் கடிதங்களை நேற்று முதலிலிருந்து படித்தேன். ஏப்ரலில் நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. எட்டில் எடுத்தோம், உன் கட்டம் நானூறுக்குள், இரண்டுமே உண்மைதான். அளந்து எழுதியிருக்கிறாய். போனில் சொல்லியிருந்தால் உன் குரலிலேயே கண்டுபிடித்திருப்பேன், அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன், பையன் ஒரு மாதம் முன்னாலேயே அந்த மண்ணை விட்டுப் போயிருப்பான்.

அதனால் இனி கடிதம் எழுதாதே. நானும் எழுதப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். போன் செய். ஆறு வருடச் சண்டை பாக்கி இருக்கிறது.

அக்கா