ஒலி அணைத்துப் பார்த்த ஜன்னல்

அன்புள்ள அண்ணனுக்கு,

இல்லை, படம் பார்த்துப் பார்த்து எனக்கு மூளை குழம்பிவிடவில்லை. நேற்று தொலைபேசியில் நீ அதைத்தான் கேட்டாய். கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன். அதனால் கடிதம். கூரியர்க்காரரிடம் கையெழுத்துப் போட்ட கையோடு பிரித்துவிடு. வேலை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பைக்குள் போட்டுவிடாதே.

விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். அத்தான் தினமும் அக்காவை உள்ளே வைத்து, கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார். சாவி அவர் சட்டைப்பையில். மாலை அவர் வந்து திறக்கும்வரை அவள் வெளியே வர முடியாது. இரண்டு வருடமாக.

இந்த ஐந்து வரியை எழுதக் கால் மணி நேரம் ஆனது. எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். அதில் என் வெட்கமும் இருக்கிறது.

என் ஆய்வு எதைப் பற்றி என்று நீ முழுதாகக் கேட்டதில்லை. திரைப்படங்களில் சிறை. நிஜச் சிறை இல்லை. சிறையைப் போலக் காட்டப்படும் மற்ற எல்லாம். புதுமணப்பெண்ணை மாடிப்படிக் கைப்பிடிக் கம்பிகளுக்குப் பின்னால் நிறுத்துவார்கள். பொய் சொல்கிற அதிகாரியின் முகத்தில் ஜன்னல் தடுப்பின் நிழல் கோடுகோடாக விழும். கடன்பட்டவன் இரும்புக் கட்டில் காலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான். கற்பனை தீர்ந்துபோன இயக்குநர் என்றால் பறவைக் கூண்டு. இதையெல்லாம் நிறுத்தி நிறுத்தி அச்செடுத்து, வகைக்கு ஒரு உறையாகப் போட்டு வைத்திருக்கிறேன். கூண்டு உறைதான் எல்லாவற்றையும்விடத் தடிமன்.

எங்கள் துறையில் ஒரு முறை உண்டு. எந்தக் காட்சியையும் முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இசை அழவைத்துவிடும், வசனம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், கண் மட்டும் வேலை செய்யட்டும் என்பார் பேராசிரியர். நாலு வருடமாக என் கணினி ஊமை.

போன வருடம் அக்காவிடம், உன் வீட்டு ஜன்னலைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து அனுப்பு, வகுப்பில் காட்டச் சாதாரண வீட்டுக் காட்சி வேண்டும் என்று கேட்டேன். அனுப்பினாள். அரை நிமிடம், ஒரு நிமிடம். கைப்பேசியை அலமாரிமேல் சாய்த்து வைத்துவிட்டு ஜன்னல் அருகே போய் நிற்பாள். காலை வெயில் கம்பிகள் வழியே அவள் கன்னத்தில் விழும். வாரம் ஒன்றாவது வந்துவிடும். மொத்தம் நாற்பத்தொன்று. அவளுக்கு இப்படி ஒரு கண் இருந்தது நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று பெருமைப்பட்டேன்.

பெருமைப்பட்டேன், அண்ணா.

சனிக்கிழமை காலை நான் பாடம் எடுக்கும் வகுப்பில் அதில் இருபத்தாறாவது துண்டைத் திரையில் போட்டேன். பன்னிரண்டு பேர் படிக்கிறார்கள். அதில் ஒருவர் சிறைக்காவலராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. பொழுது போகவில்லை என்று சேர்ந்தவர். எல்லோரும் அவரை வார்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் காட்டும் எந்தச் சிறைக் காட்சியும் அவருக்குப் பிடித்ததில்லை. சினிமா ஜெயில் கம்பிக்கு நடுவில் ஒரு கன்றுக்குட்டியே நுழைந்து போய்விடும் என்பார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கதாநாயகன் உருகினால், தட்டைக் கழுவி வைத்தானா என்று முதலில் கேளுங்கள் என்பார். வகுப்பே சிரிக்கும்.

அன்று நான் பேசிக்கொண்டிருந்தேன். இங்கே சிறை எதுவும் இல்லை, இது ஒரு வீட்டு ஜன்னல், ஆனால் நிழல் விழும் விதத்தால் ஒரு நிஜமான பெண் கைதியைப் போல ஆகிவிடுகிறாள் என்று. “போல” என்ற சொல்லை அழுத்திச் சொன்னது நினைவிருக்கிறது.

வார்டரம்மா சத்தம் வைக்கச் சொன்னார். தேவையில்லை என்றேன். சும்மா வைங்களேன் மிஸ், தூக்கம் வருது என்றார். வைத்தேன்.

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். பூட்டு விழும் சத்தம். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கும் சத்தம். பிறகு படியிறங்கும் செருப்பு. திரையில் அக்கா அசையவில்லை. கண்ணை மட்டும் மூடித் திறந்தாள். அந்தக் கண்மூடலை நான் ஒரு கட்டுரையில் பாராட்டி எழுதியிருக்கிறேன்.

பின்வரிசையில் ஒருவர், நல்லா செட் பண்ணியிருக்காங்க என்றார். வார்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

“மிஸ், இது வெளிப்பூட்டு. ரெண்டு தரம் இழுத்துப் பாக்கறாங்க பாருங்க, நாங்களும் அப்படித்தான் பாப்போம். ஆனா உள்ளதான் ஆள் நிக்குதே. யாரு இவங்க?”

என் அக்கா என்றேன். யாரோ விளக்கைப் போட்டார்கள். நான் விளக்குச் சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றேனாம். வார்டரம்மாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மத்தியானம்வரை புரொஜெக்டர் அறையில் உட்கார்ந்து நாற்பத்தொன்றையும் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். அதில் முப்பத்தெட்டு துண்டுகளில் பூட்டுச் சத்தம். ஒன்பதாவதில் அக்கா ஜன்னல் வழியே ஒரு துணிப்பையைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குகிறாள். கயிறு போய்க்கொண்டே இருக்கும். நீளமான, பொறுமையான காட்சி என்று குறித்து வைத்திருந்தேன். ஒலியில், கீழே தையல் கடைக்கார அம்மாவிடம் பல்வலி மாத்திரை வாங்கிப் பையில் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூணு நாளா தூங்கலக்கா, அவர்கிட்ட சொல்லிடாதீங்க என்கிறாள். பதினான்காவதில் வீட்டுக்குள் எங்கோ புகை எச்சரிக்கை மணி அடிக்கிறது. அவள் ஓடுவது மட்டும் தெரியும். திரும்பி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு இருமுகிறாள். அந்தத் துண்டை “இயக்கம்” என்ற தலைப்பில் போட்டிருந்தேன்.

இருபதாவதில் அவள் என்னோடு பேசியிருக்கிறாள். முகம் ஜன்னல் பக்கம். உதடு தெரியாது.

“பாப்பு, சத்தம் வச்சுத்தானே பாக்கற? நீ ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறியே.”

அதற்கு நான் அனுப்பிய பதில் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. கம்பி நிழல் பிரமாதம், அடுத்த முறை கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து நில் என்று எழுதியிருக்கிறேன்.

இருபத்தொன்றாவதில் அவள் இடப்பக்கம் நகர்ந்து நிற்கிறாள்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான்.

ஏன் நேராகச் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அவள் செய்திகளையெல்லாம் அத்தான் படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாம் பேசும்போது ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நலமா பாப்பு என்று குரல் கொடுப்பாரே, அதை அன்பு என்று நினைத்தோம். தங்கச்சி படிப்புக்கு ஜன்னல் படம் என்றதால் இது ஒன்றுக்கு மட்டும் விட்டிருக்கிறார். அவரும் ஒலி வைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நானும் அவரும் ஒன்று.

நான் ஒரே ஒரு தடவைதான் அங்கே போயிருக்கிறேன். அன்று அவருக்கு விடுமுறை. கதவு விரியத் திறந்திருந்தது. அவரே தேநீர் போட்டுக் கொடுத்தார். கெட்டவர் என்றால் முகத்தில் நிழல் விழும் என்று நம்பிப் பழகியவள் நான்.

இனி நேற்றைய பேச்சு. நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துப் பார். ஊரில் திருட்டு அதிகம், மாப்பிள்ளை பாதுகாப்புக்குப் பூட்டுகிறார் என்றாய். அவரைப் போல அக்கறையுள்ள ஆள் கிடைக்க மாட்டார் என்றாய். கடைசியாக, “அவளும் ஒரு தரம் சொன்னா, நான்தான் அனுசரிச்சுப் போன்னு சொன்னேன். உனக்கு எல்லாமே சினிமா” என்றாய்.

பூட்டுச் சத்தத்தைவிட அதுதான் என்னை இடிந்து உட்காரவைத்தது. அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். வாயைத் திறந்து, சொற்களால்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஒரு வருடமாக அவள் நின்ற இடத்தை நான் திருத்திக்கொண்டிருந்தேன். நீ எல்லாமே சினிமா என்றது பாதி சரி. சாதாரணக் கைப்பிடிக் கம்பியில் எல்லாம் சிறையைப் பார்த்தேன். பூட்டிய வீட்டில் சினிமாவைப் பார்த்தேன். உருவகத்தில் ஒரு வசதி இருக்கிறது அண்ணா, அதைத் திறக்க யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. பார்த்து வருத்தப்பட்டால் போதும். அரங்கத்தில் விளக்கு வந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம்.

நீ லிஃப்ட் மெக்கானிக். யாரோ முன்பின் தெரியாத ஆள் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டார் என்று அழைப்பு வந்தால் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு ஓடுவாய். நானே பார்த்திருக்கிறேன். உள்ளே காற்று இருக்கிறது, விளக்கு இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஓடுவாய். உள்ளே இருப்பவரிடம், பாதுகாப்பாகத்தானே இருக்கிறீர்கள், அனுசரித்துப் போங்கள் என்று ஒருநாளாவது சொல்லியிருக்கிறாயா?

பெண்கள் உதவி மையத்தில் பேசிவிட்டேன். வார்டரம்மா எண் கொடுத்தார். அக்காவின் வாயால் ஒரு வார்த்தை வேண்டும், உறவுக்காரர் ஒருவர் வாசலில் நின்று கூப்பிட்டால் உடனே ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அந்த எண்ணைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் வீட்டுக்கு உனக்கு இரண்டு பேருந்து. எனக்கு ஒரு ராத்திரியும் அரைப் பகலும். நானும் கிளம்பி வருகிறேன், ஆனால் புதன்கிழமை மத்தியானம்தான் வந்து சேர முடியும். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் போ. அத்தானுக்கு முன்கூட்டிச் சொல்லாதே. சாவி கேட்காதே, கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார், அன்று ஒருநாள் மட்டும். தையல் கடைப் பக்கம் நின்றால் ஜன்னல் தெரியும். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. புத்தி சொல்லாதே. என்ன வேண்டும் என்று மட்டும் கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. இருக்கிறேன் என்று சொன்னால் நான் வரும்வரை கீழேயே நில், நானும் ஒருமுறை கேட்கிறேன். வருகிறேன் என்று சொன்னால் அந்த எண்ணைக் கூப்பிடு.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என்மேல் இருப்பதைவிடக் குறைவுதான். சின்ன வயதில் எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடப்பாய். வண்டிக்காரர்கள் திட்டுவார்கள், நீ விடமாட்டாய். அந்த அண்ணனுக்குத்தான் இதை எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். போய்விடு அண்ணா, புதன்கிழமை போய்விடு.

உன்னை நம்பும்,
தங்கை

*

கடிதத்தைக் கூரியர் கடையில் கொடுத்துவிட்டுத் தங்கை ரயில் நிலையத்துக்குப் போனாள். வரிசையில் நின்று மூன்று பயணச்சீட்டு வாங்கினாள். போக ஒன்று, திரும்பி வர இரண்டு.