நிலாவிலும் குறையாத துலாபாரம்

மேலூர், ஸ்ரீரங்கம்

மகள் மலர்க்கொடிக்கு அப்பா பிச்சை எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஒரு வரி மேலே ஏறும், ஒரு வரி கீழே சரியும், பொறுத்துக்கொள். சொந்தக் கையால் நான் எழுதும் முதல் கடிதம் இது, அது உன்னைத் திட்டுவதற்கென்று அமைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். இங்கே நானும் மாடும் வாழையும் நலம். உன் அம்மா நலமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

பிரசவத்துக்கு வந்து தில்லை நகர் ஆஸ்பத்திரியில் நீ நினைவில்லாமல் கிடந்தபோது, மகள் பிழைத்தால் அவளைத் துலாபாரத்தில் உட்கார வைத்து எடைக்கு எடை பூவன்பழம் கொடுக்கிறேன், அதுவரை வாயில் பழம் வைக்க மாட்டேன் என்று உன் அம்மா இருளாயி நம் குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டாள். நீ பிழைத்தாய், டல்லாசுக்கு விமானம் ஏறினாய். வீடு நிறையத் தார் தொங்குகிறது, அவள் இன்னும் ஒரு பழம் தொடவில்லை. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு துடிக்கிறாள். தினம் ஒரு பழம் சாப்பிடச் சொன்ன டாக்டரிடம், "எம் மக வந்து தட்டுல உக்காரட்டுங்க, அப்புறம் சாப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை அஜித் டிக்கெட் பார்க்கிறேன் என்றார், லீவு இல்லை என்று தடுத்தவள் நீ. அது போதாதென்று போன மாதம் என்ன சொன்னாய்? "நிலாவுல என் எடை ஆறுல ஒரு பங்குதாம்ப்பா, அங்க ஒரு கோயில் கட்டுங்க, பழமும் மிச்சம், நானும் வர்றேன்" என்று சிரித்தாய். நான் அதை நம்பி, நிலாக் கணக்கில் கொஞ்சம் பழம் வைத்து முடித்துவிடலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டு, "அப்பனுக்கும் மகளுக்கும் சாமின்னா கேலியாப் போச்சா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் எழுத்துப் படிக்கப் போகும் முதியோர் வகுப்பில் லூர்துராணி டீச்சரிடம் கேட்டேன். எடை என்பது தரை நம்மை இழுக்கிற இழுப்பாம். நிலாவுக்கு இழுப்புக் குறைவு, அதனால் கொக்கியில் மாட்டுகிற ஸ்பிரிங் தராசு அங்கே குறைத்துத்தான் காட்டும். ஆனால் உடம்பில் உள்ள சரக்கு, அதற்கு நிறை என்று பேர், அது எங்கே போனாலும் மாறாதாம். "துலாபாரத்துல ரெண்டு தட்டுல்லங்கய்யா? மக லேசானா பழமும் அதே மாதிரி லேசாயிடும். இங்க எத்தனை தாரோ அங்கயும் அத்தனை தாருதான்" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. கேட்டாயா? நிலாவுக்கே ஓடினாலும் ஒரு சீப்புக்கூட உனக்குத் தள்ளுபடி கிடையாது. டல்லாசிலும் நீ துளி குறையவில்லை, இந்த ஊரின் இழுப்புத்தான் உனக்குக் குறைந்துவிட்டது.

குளிரில் பேத்திக்குக் காதை மூடிவிடு. அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். உனக்கானதை நேரில் வந்து வாங்கிக்கொள். ஆடிக்குள் வந்து தட்டில் உட்கார், மறந்துவிடாதே. இன்றிலிருந்து நானும் பழம் தொடுவதில்லை. பூவன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று உனக்குத் தெரியும். போனில் திட்டினால் பாதியில் வைத்துவிடுவாய், இதை முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும். அடுத்த வாரமும் எழுதுவேன், அப்போது நான் பழம் தின்று ஒரு வாரம் ஆகியிருக்கும், கோபம் இதைவிடக் கூடியிருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பன்
பிச்சை