நமக்கு நடுவில் ஓர் ஆடு

அப்பா,

இன்று காலை திண்டிவனம் போகிற பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றபோது, அவித்த வேர்க்கடலைக் கூடையோடு, "மல்லாட்டை, மல்லாட்டை" என்று கூவிக்கொண்டே ஒரு அம்மா ஏறினார். அந்த வாசனை பக்கத்தில் வந்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு வரப் போய்க்கொண்டிருந்தேன். நீங்கள் இறந்து நாற்பது நாள் ஆகிறது. எனக்கு இன்னும் அசதி தீரவில்லை.

இதே ரோட்டில்தான், எதிர்ப்பக்கமாக, பதினோரு வருஷத்துக்கு முன்பு என்னை விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். முந்தின நாள் சாயங்காலம் உதடு வீங்கி, ஒற்றைப் பையோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தேன். அம்மா அழுதாள். நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விடிந்ததும் என் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தீர்கள். டோல்கேட்டில் ஒரு பொட்டலம் மல்லாட்டை வாங்கி என் மடியில் வைத்து, "சாப்புடு, வெறும் வயித்தோட போவாத" என்றீர்கள். அக்கறைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த அக்கறையோடுதான் என்னை அடித்தவன் வீட்டில் கொண்டுபோய் விட்டீர்கள்.

அங்கே போய் அவனிடம், "கொஞ்சம் அனுசரிச்சிக்கினு போங்க மாப்ள, பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்றீர்கள். நான் காபி போட்டுக் கொண்டுவந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை வாங்கினீர்கள். சர்க்கரை போதுமா மாமா என்று அவன் கேட்டதற்குத் தலையாட்டினீர்கள். சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் கிளம்பினீர்கள். விட்டுவிட்டுப் போனதைக்கூட என்றாவது மறந்திருப்பேன். அந்தக் காபியைக் குடித்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

எட்டு மாதம் கழித்து நானாகவே வெளியே வந்தேன். விழுப்புரத்திலேயே ஓர் அறை எடுத்து, ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவைப் பார்க்க வருவேன், உங்களோடு பேச மாட்டேன். நீங்களும் வீம்பில் குறைந்தவர் இல்லை. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, "அது சாப்டுச்சான்னு கேளு" என்று அம்மாவிடம் சொல்வீர்கள். "அவரு மாத்திரை போட்டாராம்மா?" என்று நான் கேட்பேன். அம்மா இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்து, "என்னை ஏன்டி இப்படிப் பேஜாரு பண்றீங்க?" என்பாள். ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் சேர்ப்பாள்.

போன வருஷம் அம்மா இறந்துபோனாள். உங்களுக்குச் சர்க்கரை, கண் மங்கல். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து சமைத்துவைத்தேன். பாசமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அம்மா கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். முதல் ஞாயிறு இருவரும் வாயே திறக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு நீங்கள் வாசலில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"லட்சுமி, இன்னிக்குக் கொழம்புல உப்பு ஜாஸ்தி."

நானும் விடவில்லை. "லட்சுமி, ஜாஸ்தின்னா அவங்களே ஆக்கிக்கினு சாப்புடட்டும்."

அம்மா வளர்த்த ஆடு. அம்மா பார்த்த வேலையும் அதன் தலையில் விழுந்தது. அதற்கு என்ன தெரியும், தழையை மென்றுகொண்டு இரண்டு பேரையும் பார்த்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் எல்லாம் லட்சுமி வழியாகத்தான். ஊசி போட்டாயிற்றா, மின்கட்டணம் கட்டியாயிற்றா, அடுத்த வாரம் வருமா, வராதா. எதிர்வீட்டு அக்கா பார்த்துச் சிரிப்பார். எனக்கும் சில நாள் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன். உங்கள் மீசைக்குக் கீழேயும் ஏதோ அசையும். அந்தச் சமயத்தில் யாராவது ஒருவர் சிரித்திருக்கலாம்.

பிறகு உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே லட்சுமியைக் கொண்டுவர முடியாது. இரண்டு நாள் நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள், நான் சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸைப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை மாத்திரையோடு வந்த நர்ஸ், "கூட இருக்கிறது யாரு ஐயா?" என்று சும்மா கேட்டார்.

"எம் பொண்ணு சிஸ்டர்" என்றீர்கள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அடி தாங்க முடியாம என் ஊட்டுக்கு வந்துச்சு. நான்தான் திருப்பி இட்டுக்கினு போய் உட்டேன்" என்றீர்கள்.

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தார். எந்த வார்த்தைக்காகப் பதினோரு வருஷம் காத்திருந்தேனோ அந்த வார்த்தை. மூன்று நாளாகக் கண்ணை மூடாத எனக்கு, அதைக் கேட்டதும் உட்கார்ந்தபடியே தூங்கிவிடலாம் போலிருந்தது. "சிஸ்டர், அதெல்லாம் இப்ப என்னாத்துக்கு? மொதல்ல மாத்திரைய போட்டுக்கச் சொல்லுங்க" என்றேன். நீங்கள் வாயைத் திறந்து மாத்திரையை வாங்கிக்கொண்டீர்கள். மறுநாள் நீங்கள் இல்லை.

இன்று உங்கள் வேட்டி சட்டைகளை மடித்துக் கட்டினேன். ஆட்டை எதிர்வீட்டு அக்கா வைத்துக்கொள்கிறார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. காலியான வீட்டில் தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மன்னித்துவிட்டேனா என்றால், இல்லை. அதற்கெல்லாம் தெம்பு வேண்டும். நர்ஸிடம் சொன்னது எனக்குத்தான் என்று தெரியும், வாங்கிக்கொண்டேன். அதற்கான பதிலைத்தான் கொடுக்காமல் வைத்துக்கொண்டு திரிகிறேன். பெரிய பதில் ஒன்றுமில்லை. உங்கள் கண்ணைப் பார்த்து ஒருமுறை சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், நீங்கள் அழுதிருப்பீர்கள். கடைசி ஒருநாளாவது அப்பாவும் மகளுமாக இருந்திருப்போம்.

ஆமாம்பா. இட்டுக்கினு போய் உட்டுட்டீங்க.